வெறுந்தட்டைத் திருப்பித் தருவதில்லை



பலகாரச் சிறப்பிதழ் என்றதும் அதிரசம், முறுக்கு, சோமாஸ் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவையெல்லாம் உள்ளே இருக்கின்றன. அட்டையில் மட்டும் சீனர்களின் நிலாத் திருவிழாப் பலகாரமான மூன்கேக். நடுப்பக்கத்தில் பைனாப்பிள் டார்ட். இதழ் அச்சுக்குப் போகும் முன்பே, எங்களுக்கு மெய்ப்புத் திருத்தித் தரும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, நம்ம மணலூர்பேட்டைக்கும் சீனாக்காரன் பண்டிகைக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறியே?"

நியாயமான கேள்வி. நீங்களும் கேட்பீர்கள் என்பதால் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிடுகிறேன்.

பெரியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கல்வெட்டு என்றால் உயிர். அவர் வழியிலேயே போய்த்தான் பதில் சொன்னேன். ராஜராஜ சோழனின் தாய் வானவன் மாதேவி, நம் பக்கத்துத் திருக்கோவலூர் மலையமான் குலத்துப் பெண். அந்தப் பெண்ணின் மகன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீனாவின் சோங் அரசவையை அடைந்தது. அது போய்ச் சேர்ந்தபோது ராஜராஜனே உயிரோடு இல்லை. பிறகு 1033இல் ராஜேந்திரன் அனுப்பியது, 1077இல் முதலாம் குலோத்துங்கன் அனுப்பியது. 1281 சித்திரையில் தென்சீனத் துறைமுகமான சுவான்சௌவில் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர், மங்கோலியக் கானின் நலனுக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்து கல்லில் வெட்டி வைத்தார். எழுத்து தமிழ், அடியில் ஒரு வரி சீனம்.

பெரியவருக்குத் திருப்தி. எனக்குத்தான் ஆகவில்லை. தூதுக்குழு முத்தும் யானைத்தந்தமும் சுமந்து போகும். அடுப்படிச் சமாசாரம் எதையும் அது கொண்டுவந்து சேர்க்காது. பலகாரத்துக்கு வழியே வேறு.

எங்கள் தெருவுக்கு அது வந்த வழி இது. நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒருவர், பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனவர். பல வருடம் ஒரே சீனக் குடும்பத்தில் இருந்தார். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கே அவர் வெறும் அக்கா. ஊரோடு வந்து சேர்ந்த பிறகு முதல் தீபாவளிக்கு, அதிரசத்துக்கு மாவு இடிப்பதோடு கூட, பைனாப்பிள் டார்ட்டும் செய்து எவர்சில்வர் தட்டில் அடுக்கித் தெருவெல்லாம் கொடுத்தார். என்னவென்று தெரியாமலே வாயில் போட்டோம். வெண்ணெய் மாவு நாக்கில் பொடிந்து உதிர்ந்ததும் உள்ளே புளிப்பும் இனிப்புமாக ஒரு கெட்டிப் பாகு. தட்டு திரும்பிப் போகும்போது அதில் எங்கள் வீட்டு ரவா உருண்டை. வெறுந்தட்டைத் திருப்பித் தருகிற வழக்கம் நம் பக்கத்தில் கிடையாதே.

"அங்கயும் அதேதான் தம்பி" என்றார் அக்கா. "அவங்க புதுவருசத்துக்கு பக்கத்து வூட்டுக்குப் போனா ரெண்டு ஆரஞ்சு எடுத்துக்கிட்டுப் போவாங்க. கெளம்பும்போது அவங்களும் ரெண்டு ஆரஞ்சு திருப்பிக் குடுப்பாங்க. வெறுங்கையா யாரும் வரவும் மாட்டாங்க, போவவும் மாட்டாங்க."

இந்த இதழில் நான் சொல்ல நினைப்பது இதுதான். பண்டிகைப் பலகாரம் தட்டேறி அடுத்த வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டுக்காரி செய்முறை கேட்கிறாள். இரண்டு தலைமுறையில் அது அவள் வீட்டுப் பலகாரமாகிவிடுகிறது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்ப் பார்த்தால் இது கண்கூடு. சீனப் புத்தாண்டு நெருங்கும்போது அங்கே கடைகளில் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கடுக்காக வந்துவிடும். பைனாப்பிள் டார்ட், வேர்க்கடலை பிஸ்கட், குவே காப்பிட்டோடு அதே வரிசையில் நம் முறுக்கும் உட்கார்ந்திருக்கும். முறுக்கு இல்லாமல் புத்தாண்டு விருந்தினரை வரவேற்காத சீன வீடுகள் அங்கே உண்டு. ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எட்டயபுரம் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் முறுக்கும் கச்சான் பூத்தேயும் போட்டு விற்கின்றன. கச்சான் பூத்தே என்றால் கடலை, பட்டாணி, மிக்சர் வகையறா. எல்லா இனத்துப் பண்டிகைக்கும் அங்கே கூட்டம்தான்.

தட்டு எதிர்ப்பக்கமும் போயிருக்கிறது. தீபாவளிக்கு டார்ட் சுடும் தமிழ் வீடுகள் மலேசியாவில் ஏராளம். சீனர்கள் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் வழக்கத்தை எடுத்து, ஊதா உறையில் போட்டு, தீபாவளிக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். திறந்த இல்ல உபசரிப்பு என்று அவர்கள் சொல்கிற நாளில் சீனரும் மலாய்க்காரரும் வந்து இட்லியோடு டார்ட்டும் சாப்பிட்டுப் போகிறார்கள். இன்னும் பின்னால் போனால் மலாக்கா செட்டிகள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே போய்க் குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்தவர்கள். வீட்டில் மலாய் பேசுவார்கள், கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். 1781இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் நடந்து போகும் தூரம். போகியன்று முன்னோருக்குப் படையல் போடுகிறவர்கள், அண்டை வீட்டு நியோன்யாக்களின் (மலாய் வழக்கங்களோடு கலந்து வாழும் சீன வம்சத்துப் பெண்களின்) குவே என்னும் பலகார வகைகளையும் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டவர்கள்.

டார்ட்டுக்கு வருகிறேன். அன்னாசியே சீனாவுடையது அல்ல. தென்னமெரிக்காவில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோடு ஆசியாவுக்கு வந்த பழம். மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பிய வெண்ணெய் மாவும் நியோன்யாக்களின் மசாலா வாசமும் கூடிப் பிறந்த பண்டம் இது. ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுவழக்கில் அன்னாசியின் பெயர் செல்வம் வருவதைக் குறிக்கும் சொல்போல ஒலிப்பதால் புத்தாண்டுக்குப் பொருத்தமாகிவிட்டது. ஆக, சீனரின் பாரம்பரியப் பலகாரம் என்று நாம் சொல்வதும் நாலு வீட்டுத் தட்டில் பயணம் செய்து வந்ததுதான்.

அக்கா செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழத்தை மிக்சியில் போட அவர் விடுவதில்லை. அடித்தால் நார் செத்துவிடுமாம். கேரட் துருவும் துருவியில் துருவுகிறார். துருவலைப் பிழிந்து சாற்றைத் தனியே வைத்துவிட்டு, அடிகனமான சட்டியில் பட்டைத் துண்டு ஒன்று, நாலு கிராம்பு, ஒரு அன்னாசிப்பூவோடு வதக்குகிறார். சர்க்கரை உடனே விழாது. தண்ணீர் சுண்டும்வரை காத்திருந்து அப்புறம்தான். முதலிலேயே போட்டால் வெகுநேரம் கொதித்து நிறம் கறுத்துவிடும். ஒரு கிலோ துருவலுக்குக் கால் கிலோ சர்க்கரை. பழம் புளிப்பாக இருந்தால் ஐம்பது கிராம் கூட. கடைசியில் அல்வா பதத்துக்கு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வர வேண்டும். விரலில் உருட்டினால் ஈரம் ஒட்டக் கூடாது. ஈரம் இருந்தால் சுடும்போது மாவு வெடிக்கும். நாலு நாளில் பூஞ்சையும் பிடிக்கும்.

"மொத வருசம் என்னை மாவுல கை வெக்கவே வுடல. உருட்டற வேலதான். பாட்டி சின்னத் தராசு வெச்சு ஒவ்வொரு உருண்டையா நிறுக்கும். ஒரு கிராம் கூடினாலும் கிள்ளிப் போடும்" என்று சிரித்தார். இப்போது அவர் கைக்குத் தராசு வேண்டியதில்லை. சீடையைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாக வரிசையாக விழுகின்றன.

மாவுக்குக் கால் கிலோ உப்பில்லாத வெண்ணெய், 350 கிராம் மைதா, இரண்டு மஞ்சள் கரு, கொஞ்சம் பொடித்த சர்க்கரை, இரண்டு ஸ்பூன் சோளமாவு. பிசையக் கூடாது, சேர்த்துக் கூட்ட வேண்டும். பிசைந்தால் மைதா இழுவை கண்டு ரப்பராகிவிடும். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் நிற்கும் என்பதால் பல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு வெண்ணெய் பகலில் கையிலேயே உருகி ஓடும். அக்கா விடியற்காலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார். 170 டிகிரியில் இருபது நிமிடம்.

பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் டார்ட்டுக்கு மோரிஸ் என்ற வகையைத்தான் தேடுவார்கள். நம் கடைகளுக்குக் கேரளத்து வாழக்குளத்திலிருந்து வரும் மொரிஷியஸ் வகையும் அதே இனம். கொல்லிமலைப் பழம் கிடைத்தால் அதையும் பாருங்கள். மொத்தத்தில், நன்றாகக் கனிந்து தேனாக இருக்கும் பழத்தைச் சாப்பிடுங்கள். டார்ட்டுக்குப் புளிப்பு விலகாத பழம்தான் வேண்டும்.

மூன்கேக்கைப் பொறுத்தவரை, எடுத்த எடுப்பிலேயே வீட்டில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். டார்ட்டில் கை பழகட்டும். சீனர் நாட்காட்டியில் எட்டாம் மாதத்துப் பௌர்ணமி அவர்களின் நிலாத் திருவிழா. 2025இல் அக்டோபர் 6, 2026இல் செப்டம்பர் 25. நம் கணக்கில் பெரும்பாலும் புரட்டாசியில் வரும், சில வருடம் ஆவணியில். திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகும் பேருந்துகள் நம் ஊர் வழியாக நிரம்பிப் போகிற அதே சமயத்தில், அங்கே குடும்பம் குடும்பமாக வாசலில் விளக்கேற்றி, டீ போட்டு, ஒரு மூன்கேக்கை எட்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். முழுசாக ஒருவர் சாப்பிடுகிற பண்டம் அல்ல. திகட்டிவிடும்.

மங்கோலிய ஆட்சியைக் கவிழ்க்க மூன்கேக்குக்குள் ரகசியச் சீட்டு வைத்து அனுப்பினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை நம்புவதில்லை. நம் சம்பந்தப் பெருமாள் யாருடைய நலனுக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டாரோ அதே கானின் வம்சத்தைத்தான் இந்தக் கதையில் கவிழ்க்கிறார்கள் என்பதைப் பெரியவரிடம் சொன்னேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

கான்டன் பாணி மூன்கேக்கின் மேல்தோலுக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆச்சரியம். மைதா, சர்க்கரைப் பாகு, கடலை எண்ணெய், கொஞ்சம் காரநீர். அவ்வளவே. கடலை நம் மானாவாரி நிலத்தில் விளைகிறது. சர்க்கரைக்கு மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு ஆலை நம் ஊர்த் தென்பெண்ணையாற்றின் கரையிலேயே நிற்கிறது. சர்க்கரை ஆலை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் சீனர் குடியேற்றத்தின் தொடக்கமே ஒரு சர்க்கரை ஆலைதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாரன் ஹேஸ்டிங்ஸ் கொடுத்த நிலத்தில், கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில், டோங் அச்சியூ என்பவர் கரும்பு போட்டு ஆலை வைத்தார். அந்த இடம் இன்றும் அச்சிப்பூர். சீனப் புத்தாண்டு சமயத்தில் கொல்கத்தாச் சீனர்கள் அங்கே போய்க் கும்பிட்டு வருகிறார்கள். 1962 இந்திய-சீனப் போரை ஒட்டி இந்தியச் சீனர்களில் பலரை ராஜஸ்தான் தேவ்லி முகாமில் அடைத்து வைத்தோம். அடுத்த வீட்டுக்குத் தட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்தான் அவர்களும். அந்தச் சமூகம் இன்று மிகச் சிறுத்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் ஒரு சின்னக் கிளை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மலாயா பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகளை நீலகிரிக்குக் கொண்டுவந்து நடுவட்டம் சின்கோனாத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். விடுதலையான பின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினார்கள். இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் அடுப்பில் என்ன வெந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்கலாம்!

பாகுக்குத் திரும்புவோம், மூன்கேக்கின் உயிர் அதில்தான். ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர், இரண்டு எலுமிச்சைச் சாறு. கொதி வந்தபின் கரண்டி போடக் கூடாது. சின்னத் தீயில் ஒரு மணி நேரம் போல, தேன் நிறம் வரும்வரை. எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுவதால் பாகு பூத்துப் போகாது. தோலும் நாள்பட மெதுமெதுவென்று இருக்கும். செய்த அன்றே எடுக்காமல் இரண்டு வாரமாவது ஜாடியில் வைக்கிறார்கள். அதிரச மாவைப் பாகில் பிசைந்து நாள் கணக்கில் ஊறவிட்டுப் பழகிய நம் பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. கல்வராயன் மலைத் தேனை ஊற்றினால் என்ன என்று சங்கராபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஊற்றலாம். தேனிலும் அதே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான் இருக்கின்றன. ஆனால் சீக்கிரம் சிவந்துவிடும், மலைத்தேனின் வாசம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அந்தத் தேனைத் தினைமாவில் ஊற்றிச் சாப்பிடுவதே அதற்கு மரியாதை.

காரநீர் என்றதும் பயப்பட வேண்டாம். ஆப்பசோடாவை வெறும் சட்டியில் நன்றாக வறுத்தால் அது சலவைச்சோடாவின் தன்மைக்கு மாறும். அதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்தால் போதும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாகின் புளிப்பை முறிப்பதும் தோலுக்கு அந்தச் செம்பழுப்பைக் கொடுப்பதும் அதன் வேலை. 100 கிராம் மைதாவுக்கு 75 கிராம் பாகு, 25 கிராம் கடலை எண்ணெய், அரை ஸ்பூன் காரநீர். தோல் மூன்று பங்கு, பூரணம் ஏழு பங்கு. பத்து நிமிடம் சுட்டு, வெளியே எடுத்து ஆறவிட்டு, மேலே மஞ்சள் கருவை மெல்லிசாகத் தடவி மறுபடி சுட வேண்டும். அடுப்பிலிருந்து வந்ததும் கடித்துப் பார்த்துவிட்டுக் கல்லாக இருக்கிறதே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் உள்ளே இருக்கும் எண்ணெய் தோலுக்கு ஏறி மெதுவாகிவிடும்.

பூரணத்துக்குத் தாமரை விதை, சிவப்புப் பயறு என்று அங்கே பல உண்டு. பாசிப்பருப்புப் பூரணம் வைக்கிற சீனர்களும் உண்டு என்பதால், சுழியத்துக்கு அரைக்கும் பூரணத்தை இன்னும் சுருள வதக்கி எடுத்தால் நாம் எதையும் மாற்றியதாக ஆகாது. நடுவே வைக்கும் உப்பு வாத்துமுட்டைக் கரு, நிலவுக்காக. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் வந்து இறங்கும்போது முட்டை வாங்கி, கெட்டியான உப்புத் தண்ணீரில் ஒரு மாதம் ஊறப் போட்டால் கரு இறுகிச் சிவந்துவிடும். இங்கேதான் சிக்கல். நிலாத் திருவிழா புரட்டாசியில் வந்து நிற்கிறது. புரட்டாசியில் முட்டை படாத வீடுகள் நம் ஊரில் பாதிக்கு மேல். அக்காவிடம் கேட்டேன். "அங்கயும் புத்தர் கோயிலுக்குப் போறவங்க முட்டை இல்லாமதான் வாங்குவாங்க. மேல பால் தடவு, பளபளப்பு கொஞ்சம் கம்மியா வரும், அவ்ளோதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அச்சுக்கு எங்கே போவது? இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம். மூன்கேக் அச்சு மரத்தில் குடைந்தது. உள்ளே பூவும் கொடியும் தலைகீழாகச் செதுக்கியிருக்கும். மாவை அமுக்கி, பலகையில் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, கவிழ்த்தால் பூவோடு விழும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததை இந்தப் பக்கத்திலேயே கொண்டாடினோம். அப்படி ஒரு பட்டறையில் படத்தைக் காட்டினேன். சிற்பி பார்த்துவிட்டு, "தாமரையாப் போட்டுடலாங்களா? தேர்ல போடற தாமரை" என்றார். அட்டையில் நீங்கள் பார்க்கும் மூன்கேக்கின் மேல் இருப்பது நம் தேர்த் தாமரை. பூ கொஞ்சம் ஆழமாக விழுந்து மாவு ஒட்டியது. இழைத்துக் கொடுத்த பிறகு சுத்தமாக விழுகிறது.

ஓவன் இல்லையே என்பீர்கள். நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது? கனமான அலுமினியக் குண்டானிலோ, கேஸ்கட்டும் விசிலும் எடுத்துவிட்ட குக்கரிலோ அடியில் ஒரு அங்குலம் மணல் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றிச் சுடலாம். மணலூர்பேட்டைக்காரர்களுக்கு மணலுக்கா பஞ்சம் என்று எழுத ஆசைதான். ஆற்றை இன்றைக்குப் பார்க்கிறவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். கல்லுப்பு போட்டாலும் அதே வேலை நடக்கும். ஒரு குறை உண்டு. சூடு கீழிருந்து மட்டும் வருவதால் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தணலை அள்ளி வைத்தால் சரியாகிவிடும். மலேசியாவில் சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் செய்கிற பாஹுலு என்ற முட்டைக் கேக்கைப் பழைய காலத்தில் இப்படித்தான், பித்தளை அச்சில், மேலும் கீழும் கரிநெருப்பு வைத்துச் சுட்டார்கள்.

அதுவும் தொல்லை என்றால் குவே காப்பிட் இருக்கிறது. ஓவனே வேண்டாம். அச்சுமுறுக்குக்குக் கரைக்கிற அதே அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை. கீல் வைத்த இரண்டு இரும்புத் தட்டுகளின் நடுவே ஒரு கரண்டி ஊற்றி, மூடி, கரியடுப்பில் முன்னும் பின்னும் காட்டினால் காகிதம் போல வேகும். எடுத்த நொடியில் நாலாக மடித்துவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் விறைத்துக்கொண்டு உடையும். மடிக்கிற விரல்நுனிகள் காய்த்துப் போகும் என்று அக்கா கையைக் காட்டினார்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். இந்தச் சிறப்பிதழுக்கு வந்த செய்முறைகளில் சாக்லேட் மூன்கேக், சாமை மூன்கேக், பன்னீர் மூன்கேக் என்று நிறைய இருந்தன. அனுப்பியவர்கள் மன்னிக்க வேண்டும், எதையும் போடவில்லை. முட்டைக்குப் பதில் பால், தாமரை விதைக்குப் பதில் பாசிப்பருப்பு என்று வீட்டுக்கு ஏற்ப மாறுவது வேறு. அப்படி மாறாமல் எந்தப் பலகாரமும் ஊர் தாண்டியதில்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளிருப்பதையெல்லாம் தூக்கி எறிவது வேறு. கல்வராயன் மலையில் சாமைக்கென்று சமையல் இருக்கிறது. அதைச் சாமையாகவே அடுத்த இதழில் எழுத ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். மூன்கேக்கை முதலில் அவர்கள் செய்வதுபோலச் செய்து பார்ப்போம். அடுத்த வீட்டிலிருந்து வந்த தட்டை மூடி திறக்காமலே நம் தட்டாக்கிக்கொள்ள வேண்டாமே.

அக்காவுக்கு இப்போது வேறு கணக்கு ஓடுகிறது. தை 5ஆம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு நம் ஊர் வரும்போது, ஆற்றில் கடை போடுவதா வேண்டாமா என்று. டார்ட் விற்றால் வெண்ணெய் விலைக்குக் கட்டுப்படி ஆகாது, வெயிலிலும் நிற்காது. காப்பிட் கட்டுப்படி ஆகும். ஆனால் கரும்பும் பொரியும் வாங்க வருகிற கூட்டம் பேர் தெரியாத பண்டத்துக்குக் காசு கொடுக்குமா? முதலில் ஒன்று சும்மா கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். "சும்மா குடுத்துட்டே இருந்தா அடுப்புக் கரிக்கு யாரு காசு குடுப்பா?" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். இரும்புத் தட்டு அச்சு செய்து தரும் பட்டறை பக்கத்தில் எங்காவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று, திருவிழாக் கூட்டத்துக்கு அது பற்றாது.

செய்முறைகள் அளவோடு உள்பக்கங்களில் இருக்கின்றன. செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். வராமல் போனவர்கள் கட்டாயம் எழுதுங்கள், அடுத்த இதழில் அக்காவே பதில் சொல்வார். சிங்கப்பூர், மலேசியா வாசகர்கள் உங்கள் வீட்டுத் தட்டில் எது வந்தது, எது போனது என்று எழுதினால் தனிப் பக்கமே ஒதுக்கலாம். டார்ட்டைத் தபாலில் மட்டும் அனுப்ப வேண்டாம். போன முறை ஒரு பொட்டலம் பொடியாகத்தான் வந்து சேர்ந்தது. பொடியையும் விட்டுவைக்கவில்லை என்பதை அனுப்பியவருக்கு இங்கேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்